முதுசமும் தேட்டமும்: உயிர்களுக்குள் உறவு காணும் முறை

நாம் தஞ்சம் புகுந்து வாழும் நாடுகளிலே கல்வி கற்கும் எமது பிள்ளைகள், உயிரியற் பாடத்தில் ஒரு கிளைப்படத்தை வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். ஓர் அடிமரம், அதிலிருந்து பிரியும் கிளைகள், ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஓர் உயிரினத்தின் பெயர். தாயகத்திற் கற்ற பெற்றோருக்கு இப்படம் புதிதாகத் தோன்றலாம். நாம் மனனம் செய்தது ஏணிப்படி போன்ற ஒரு வரிசையை: இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம். முள்ளந்தண்டுள்ள விலங்குகளை மீன்கள், ஈரூடகவாழிகள், நகருயிர்கள், பறவைகள், முலையூட்டிகள் என ஐந்தாகப் பிரித்து எழுதினால் எமக்கு முழுப்புள்ளி கிடைத்தது. இன்று அதே விடையை எழுதும் பிள்ளையிடம், இவ்வைந்தினுள் உண்மையான குழுக்கள் எவை என்று மேலும் ஒரு வினா தொடுக்கப்படுகிறது.

பாடமொழி புரியவில்லையே என்று பெற்றோர் பின்வாங்க வேண்டியதில்லை. அந்தக் கிளைப்படத்தின் உட்பொருளை விளக்குவதற்கு வேண்டிய சொற்கள் அனைத்தும் எமது வீட்டுப் பேச்சிலேயே உள்ளன. அவற்றைக் கொண்டே இவ்வாரம் இவ்விடயத்தை நோக்குவோம்.

பொருள்களை வகைப்படுத்துவது மனித இயல்பு. மீன்சந்தையிலே மீனும் இறாலும் கணவாயும் நண்டும் அருகருகே கிடக்கின்றன. சமைப்பவருக்கு அவை யாவும் கடலுணவு. வைத்தியருக்கு மூலிகை ஒரு வகை, நஞ்சு இன்னொரு வகை. தொல்காப்பியம் உயிர்களை அவற்றின் அறிவுப் புலன்களைக் கொண்டு ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் வரை ஆறாகப் பகுத்தது. கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் இரத்தம் உள்ளவை, இல்லாதவை என விலங்குகளை இரண்டாகப் பிரித்தார். ஓங்கில் காற்றைச் சுவாசித்துக் குட்டிக்குப் பாலூட்டுகிறது என்பதையும் அவர் அவதானித்திருந்தார். இப்பகுப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பயன் உண்டு. எனினும், எவை எவற்றுக்கு உறவு என்ற வினாவுக்கு இவை விடை கூறுவதில்லை.

இன்றைய பாகுபாட்டியலின் தொடக்கத்தில் நிற்பவர் சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் (1707 - 1778). இவருக்கும் எமது மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் இலங்கையிலே ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராகப் பணிபுரிந்த போல் ஹெர்மன் சேகரித்து உலர்த்திய செடிகளை ஆராய்ந்து, 1747 ஆம் ஆண்டில் இலங்கைத் தாவரங்கள் பற்றி ஒரு நூலை லின்னேயஸ் வெளியிட்டார். இலங்கையை அவர் கண்ணாற் கண்டதில்லை. 1753 இல் அவர் வெளியிட்ட பெருநூலிலே எமது பனைக்குப் பொராசஸ் பிளபெலிபர் என்ற பெயர் சூட்டப்பட்டது. முதற்சொல் சாதியைக் குறிக்கும். இரண்டாவது இனத்தைச் சுட்டும். அவ்விரண்டாஞ் சொல்லின் பொருள் விசிறி தாங்கி என்பதாகும். பனையோலையைக் கண்டவர் எவரும் அப்பெயரை மறுக்கமாட்டார்.

லின்னேயஸ் தமது நூலின் முற்பதிப்புகளில் திமிங்கிலத்தை மீன்களுடனேயே வைத்திருந்தார். 1758 இல் வெளியான பத்தாம் பதிப்பிலே அதனை முலையூட்டிகளுள் சேர்த்தார். இனங்கள் சாதிக்குள்ளும், சாதிகள் அதனிலும் பெரிய பிரிவுக்குள்ளும் பெட்டிக்குள் பெட்டியாக அடங்குவதை அவர் கண்டார். ஆனால் அவை ஏன் அவ்வாறு அடங்குகின்றன என்பதற்கு அவரிடம் இருந்த விடை, படைத்தவனின் திட்டம் என்பதே.

வேறொரு விடையைத் தந்தவர் சார்ள்ஸ் டார்வின். 1837 இல் தமது குறிப்பேட்டிலே கிளைவிடும் சிறுமரம் ஒன்றை அவர் கீறினார். 1859 இல் வெளிவந்த அவரது நூலில் இடம்பெற்ற ஒரேயொரு படமும் அத்தகைய கிளைப்படமே. உயிர்கள் பெட்டிக்குள் பெட்டியாக அடங்குவது அவை ஒரு வழித்தோன்றலாக வந்தமையால் என்றும், நல்ல பாகுபாடு என்பது வம்சாவளியே என்றும் அவர் எடுத்துரைத்தார். நாம் பாடசாலையில் கூர்ப்பு என்றும் தமிழகத்தார் பரிணாமம் என்றும் வழங்கும் கொள்கையின் நேரான பயன் இது.

தமிழருக்கு இது விளங்காத கணக்கன்று. ஒன்றுவிட்ட சகோதரர் என்கிறோம். இரண்டுவிட்ட சகோதரர் என்கிறோம். உடன்பிறந்தோருக்குப் பொதுவானவர் தாயும் தந்தையும். ஒன்றுவிட்டவருக்குப் பாட்டனும் பாட்டியும். இரண்டுவிட்டவருக்குப் பூட்டனும் பூட்டியும். பொது மூதாதையைக் காண எத்தனை தலைமுறை பின்னோக்கிச் செல்ல வேண்டுமோ, அத்தனை தூரத்து உறவு. முகச்சாயலோ குடியிருக்கும் ஊரோ இக்கணக்கிற் சேர்வதில்லை. தந்தையின் தம்பி மகன் ரொறன்ரோவில் பிறந்து தமிழே அறியாது வளர்ந்தாலும் அவன் ஒன்றுவிட்ட சகோதரனே. அடுத்த வீட்டுக்காரர் எவ்வளவு நெருங்கிப் பழகினும் அவர் நண்பரேயன்றி இரத்த உறவினரல்லர். உயிரியலாளர் எல்லா உயிர்களுக்கும் கேட்பது இதே கேள்விதான்.

ஆனால் திமிங்கிலத்துக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. மூதாதையர் மறைந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் கழிந்துவிட்டன. அவ்வாறாயின் உறவை எவ்வாறு நிறுவுவது? இதற்குத் திட்டவட்டமான நெறியை வகுத்தவர் ஜேர்மானியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் (1913 - 1976). ஈக்களை ஆராய்வதில் வல்லவரான இவர், 1945 இல் பிரித்தானியரிடம் போர்க்கைதியாக இருந்த மாதங்களிலே தமது நூலின் முதல் வரைவை எழுதினார். அது 1950 இல் வெளிவந்தது. 1966 இல் அவரது கருத்துகள் ஆங்கிலத்தில் நூலுருப் பெற்ற பின்னரே உலகின் கவனத்தை ஈர்த்தன. பேர்லினின் மேற்கே குடியிருந்து கிழக்கே பணியாற்றிய அவர், 1961 இல் நகரின் நடுவே சுவர் எழுந்தபோது அப்பணியை இழந்தார். பின்னர் ஸ்ருட்கார்ட் இயற்கை வரலாற்று நூதனசாலையிற் சேர்ந்து ஆய்வைத் தொடர்ந்தார். எல்லைக்கோடுகளால் வாழ்வு குலைந்த எம் போன்றோர் அறிந்திருக்க வேண்டிய மனிதர் அவர்.

ஹென்னிக் வகுத்த நெறியை விளக்கத் தேசவழமைச் சட்டத்தின் இரு சொற்கள் போதும். யாழ்ப்பாணத்தவர் அனைவரும் அறிந்த அச்சொற்கள் முதுசம், தேடியதேட்டம் என்பன. முன்னோரிடமிருந்து வழிவழியாக வந்த சொத்து முதுசம். ஒருவர் தமது வாழ்நாளிலே புதிதாகச் சம்பாதித்தது தேட்டம்.

ஒரு பெரிய குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். கொப்பாட்டன் வழிவந்த ஒரு தோட்டக்காணியிலே அவரது சந்ததியார் எல்லோருக்கும் பங்கு உண்டு. ஆகவே, காணியிற் பங்குண்டு என்பதைக் கொண்டு இருவர் அக்குடும்பத்தவர் என்று கூறலாம். அவர்களுக்குள் எவர் எவருக்கு மிக நெருக்கம் என்று கூற இயலாது. ஆனால் பேரன்மாருள் ஒருவர் தமது உழைப்பால் ஒரு கிணற்றுக்காணியைத் தேடினார். அதன் பங்கு அவரது மக்களுக்கும் பேரருக்கும் மட்டுமே வந்தது எனில், கிணற்றுக்காணியிற் பங்குடையோர் அனைவரும் அவ்வொருவரின் வழியினர் என்பது தெளிவு. உட்கிளையைக் காட்டுவது புதிய தேட்டமேயன்றிப் பழைய முதுசமன்று. தந்தையின் தேட்டம் மகனுக்கு முதுசமாகிவிடும் என்பதையும் மறத்தலாகாது. ஆகவே எது முதுசம், எது தேட்டம் என்பது எந்தத் தலைமுறையில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அது கடைச் சட்டை. பனி பொழியும் இந்நாடுகளிலே தமிழரும் சோமாலியரும் குர்தியரும் ஒரேவிதமான தடித்த மேலங்கியை அணிந்து பேருந்துக்குக் காத்து நிற்கின்றனர். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அனைவரும் ஒரே குடும்பத்தவராகத் தோன்றலாம். அந்த ஒற்றுமை குளிரால் வந்தது, இரத்தத்தால் வந்ததன்று. உயிர்களும் தாம் வாழும் சூழலுக்கேற்ப இவ்வாறு ஒரேவகை வடிவத்தைத் தனித்தனியே பெறுவதுண்டு.

இம்மூன்றையும் கொண்டு திமிங்கிலத்தை ஆராய்வோம். சுறாவைப் போன்ற நீண்ட உடலும் துடுப்பும் அதற்கு உண்டு. அவை கடல் கொடுத்த மேலங்கி. மீனின் வால் பக்கவாட்டில் அசையும். திமிங்கிலத்தின் வால் மேலுங்கீழுமாக அசையும். மேலங்கியின் உள்ளே இருப்பது வேறு உடல் என்பதற்கு இதுவே ஒரு சாட்சி. முள்ளந்தண்டு சுறாவுக்கும் உண்டு, திமிங்கிலத்துக்கும் உண்டு. அது பழைய முதுசம். பாலூட்டல் முலையூட்டிகளின் முதல் மூதாதை தேடிய தேட்டம். ஆதலால் அது திமிங்கிலத்தை முலையூட்டிகளுடன் சேர்க்கிறது. ஆனால் நாய், பசு, யானை ஆகியவற்றுள் எது திமிங்கிலத்துக்கு நெருக்கம் என்று கேட்டால், அங்கே பாலூட்டல் அனைவர்க்கும் பொதுவான முதுசமாகி விடுகிறது. அடுத்த தேட்டத்தைத் தேட வேண்டும்.

அது கணுக்காலில் அகப்பட்டது. ஆடு, மாடு, ஒட்டகம் முதலிய இரட்டைக் குளம்புள்ள விலங்குகளின் கணுக்கால் எலும்பொன்றின் இருபுறமும் கப்பி போன்ற அமைப்பு உண்டு. கால்களுடன் வாழ்ந்த ஆதித் திமிங்கிலங்களின் எலும்புகள் பாகிஸ்தானிலே கிடைத்தன. அவற்றின் கணுக்காலிலும் அதே இரட்டைக் கப்பி இருந்ததை 2001 இல் இரு ஆய்வுக் குழுக்கள் அறிவித்தன. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, பரம்பரைச் செய்திகளைத் தாங்கும் டி.என்.ஏ. மூலக்கூறுகளை ஒப்பிட்டோர், இன்று வாழும் விலங்குகளுள் திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய உறவு நீர்யானையே என்று கண்டிருந்தனர். எலும்பும் மூலக்கூறும் தனித்தனியே சாட்சி சொல்லி ஒரே கிளையைக் காட்டின. இதன் விளைவு வியப்பானது. பசுவுக்குக் குதிரையைவிடத் திமிங்கிலமே நெருங்கிய உறவு.

பெயர்களை நம்பி ஏமாறலாகாது. நீர்யானை யானைக்கு உறவன்று. மன்னார்க் கடலிலும் பாக்கு நீரிணையிலும் புல் மேயும் கடற்பசு பசுவுக்கு உறவன்று. அதன் கிளை யானையின் கிளைக்கு அருகிலுள்ளது. காளானை மரக்கறியுடன் சேர்த்துச் சமைக்கிறோம். ஆனால் காளான் செடிகொடிகளைவிட விலங்குகளுக்கே நெருக்கமானது என்பது 1990களில் மூலக்கூற்று ஆய்வால் உறுதியாயிற்று.

இனி, பிள்ளையின் வினாவுக்கு வருவோம். உண்மையான குழு என்பதற்கு உயிரியலாளர் வைக்கும் விதி ஒன்றே: ஒரு மூதாதையும், அம்மூதாதையின் வழித்தோன்றல்கள் அனைவரும் அதில் அடங்க வேண்டும். ஒருவரையேனும் விலக்கினால் அது குடும்பப் பதிவாகாது. வெளிநாடு சென்று உடையும் பேச்சும் மாறிவிட்டான் என்பதற்காக ஒரு மகனின் பெயரைக் குடும்ப அட்டையிலிருந்து வெட்டுவது முறையாகுமா?

நகருயிர்கள் என்ற எமது பழைய வகுப்பிலே நடந்தது அதுவே. முதலைக்குப் பல்லியும் உடும்பும் உறவென்று எண்ணினோம். ஆனால் அவற்றைவிடக் கோழியும் காகமுமே முதலைக்கு நெருங்கிய உறவினர். முதலையும் பறவையும் ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே கிளையிலிருந்து பிரிந்தவை. இரண்டுக்கும் இதயத்தில் நான்கு அறைகள் உண்டு, பல்லிக்கு மூன்றே. எமக்கும் நான்கு அறைகள் உண்டே என்று பிள்ளை கேட்டால், கேள்வி நல்லதே: முலையூட்டிகள் அதனைத் தனியாகப் பெற்றன, அதுவும் ஒரு மேலங்கியே. சிறகு முளைத்துப் பறந்துவிட்டன என்பதற்காகப் பறவைகளை வெளியே நிறுத்திவிட்டு, எஞ்சியவற்றை நகருயிர் என்று கூறுவது நிறைவான குழுவாகாது. ஆகையால் இன்றைய நூல்கள் பறவைகளையும் அப்பெருங் கிளைக்குள்ளேயே வைக்கின்றன.

மீன் என்ற பெயருக்கும் இதே கதி நேர்ந்தது. ஆபிரிக்கா, தென்னமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய கண்டங்களின் நன்னீர்களிலே வாழும் நுரையீரல் மீன், சுறாவுக்கோ சூரைக்கோ உள்ளதைவிட எமக்கு நெருக்கமான உறவுடையது. எனவே மீன் என்பது சந்தைக்கும் சமையலறைக்கும் உரிய நல்ல சொல், வம்சாவளிக்கு உரியதன்று. முலையூட்டிகளும் பறவைகளும் இவ்விதியில் நிறைவாகத் தேறிய குழுக்கள்.

இவ்விடத்தில் பனையை மீண்டும் நினைவுகூரலாம். தொல்காப்பியத்தின் மரபியல், புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் கூறுகிறது. அதன்படி பனையும் தென்னையும் கமுகும் மூங்கிலும் புல்லினம். மாவும் வேம்பும் மரம். வானளாவ நிற்கும் பனையைப் புல்லென்பதா என்று நகைத்தோர் உண்டு. ஆனால் இன்றைய வம்சாவளியிலும் பனை நெல்லும் மூங்கிலும் நிற்கும் ஒருவித்திலைக் கிளையிலேயே நிற்கிறது. மாவும் வேம்பும் வேறொரு கிளையில் ஒரே வருணத்துள் அடங்குகின்றன. தொல்காப்பியர் கூர்ப்பை அறிந்திருந்தார் என்று இதற்குப் பொருளில்லை. உயரத்தைப் பார்க்காது உள்ளமைப்பைப் பார்த்த கண், உறவின் அருகே சென்றது என்பதே பொருள்.

கிளைப்படம் போதிக்கும் இன்னொன்றும் உண்டு. ஏணிக்கு மேற்படி, கீழ்ப்படி உண்டு; மரத்துக்கு அவை இல்லை. இன்று உயிருடன் உள்ள அனைத்தும் கிளை நுனிகளே. மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று ஏளனமாகச் சொல்வோர், ஒன்றுவிட்ட சகோதரனைப் பாட்டன் என்று அழைப்பவரை ஒப்பர். இன்றைய சிம்பன்சி எமது மூதாதை அன்று, உறவினர். எமக்கும் அதற்கும் பொதுவான பாட்டன் இன்று இல்லை.

இதுவரை கூறியது விலங்குக்கும் செடிக்கும். இதே படத்தை வைத்துக்கொண்டு மனிதரைப் பிரிக்க முனைந்தோரும் இருந்தனர். லின்னேயஸ் தமது 1758 ஆம் ஆண்டுப் பதிப்பிலே மனிதரைக் கண்டவாரியாக நான்கு வகையாக்கினார். அத்துடன் நில்லாது, ஐரோப்பியர் சட்டத்தால் ஆளப்படுபவர் என்றும் ஆபிரிக்கர் மனம்போன போக்கால் ஆளப்படுபவர் என்றும் குணங்களையும் எழுதி வைத்தார். பின்வந்தோர் அதன்மீது கட்டிய கொடுமைகளை ஐரோப்பிய வரலாறு அறியும். பள்ளி முற்றத்திலே எமது பிள்ளைகளின் காதில் விழும் சில சொற்களுக்கும் வேர் அங்கேதான்.

ஹென்னிக்கின் நெறி இங்கே என்ன கூறுகிறது? தோலின் நிறம் பெரும்பாலும் வெயிலின் கணக்கு. பசுபிக் தீவுகளின் மெலனீசியர் ஆபிரிக்கரைப் போலக் கருநிறத்தவர். ஆயினும் வம்சாவளியில் அவர்கள் ஆபிரிக்கரைவிட ஆசியருக்கும் ஐரோப்பியருக்கும் நெருக்கமானவர்கள். நிறம் உட்கிளையைக் காட்டும் தேட்டமன்று. மேலும், கிளைப்படம் பொருந்த வேண்டுமாயின் பிரிந்த கிளைகள் மீண்டும் கலத்தலாகாது. மனிதக் கூட்டங்களோ பிரிவதும் பெயர்வதும் மணவுறவால் மீண்டும் கலப்பதுமாகவே வாழ்ந்து வந்துள்ளன. 1972 இல் அமெரிக்க உயிரியலாளர் றிச்சர்ட் லெவொன்டின், இரத்தப் புரதங்களிற் காணப்படும் வேறுபாடுகளைக் கணக்கிட்டார். மனித வேறுபாட்டில் ஏறத்தாழ 85 வீதம் ஒவ்வொரு சமூகத்தின் உள்ளேயே காணப்பட்டது. 2019 இல் ஜேர்மனியின் யேனா நகரிலே விலங்கியலாளர் வெளியிட்ட பிரகடனமும், மனிதரை உயிரியல் முறையில் இனங்களாகப் பிரிப்பதற்கு அடிப்படை இல்லை என்று அறிவித்தது.

தமிழிலே இனம் என்ற ஒரே சொல் இரண்டு பொருளுக்கும் வழங்குவதால் இங்கே தெளிவு தேவை. மொழியாலும் வரலாற்றாலும் பட்ட துன்பத்தாலும் உருவான தமிழினம் உண்மையானது. அதன் பெயரால் வீடிழந்தோரே இதனை வாசிக்கின்றனர். ஆனால் அது பேச்சிலும் நினைவிலும் வாழ்வது; இரத்தத்தில் எழுதப்பட்டதன்று. அவ்வாறே, கடல் கடந்தும் எம்மவரிற் சிலர் கைவிடாது கொண்டுவந்து, திருமணப் பேச்சின்போது மட்டும் வெளியே எடுக்கும் சாதிக்கும் உயிரியலில் இடமில்லை. நாம் பாடசாலையிற் கற்ற வரிசையின்படி எழுதினால், பூமியிலுள்ள மனிதர் அனைவருக்கும் சாதி ஹோமோ, இனம் சேப்பியன்ஸ். அந்தச் சாதியிலே இன்று உயிரோடிருக்கும் இனம் அது ஒன்றே.

பிள்ளை அடுத்த முறை கிளைப்படத்தை விரிக்கும்போது, அதன் அருகே எமது குடும்பத்தின் கிளைப்படத்தையும் ஒரு தாளில் வரைந்து காட்டுங்கள். பூட்டன் பூட்டியின் பெயரிலிருந்து தொடங்குங்கள். கிளைகள் பல நாடுகளுக்குச் சென்றிருக்கும். சில இடைநடுவே முறிந்திருக்கும். தான் ஒருபோதும் கண்டிராத ஒன்றுவிட்ட சகோதரங்களின் பெயரைப் பிள்ளை தன் கையால் எழுதட்டும். அதன்பின் பாடப்புத்தகத்திலுள்ள முதலையையும் கோழியையும் காட்டி, இவை இரண்டுக்கும் பாட்டன் எந்தக் கிளையில் நிற்கிறான் என்று கேளுங்கள். விரலை எங்கே வைப்பதென்று அப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.